சட்டம் வேண்டாத பலகை

பட்டறைக்குள் நுழைந்ததும் முசுடு எண்ணிப் பார்த்தாள். இரண்டு பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

முசுடு என்பது அண்ணன் வைத்த பெயர். அவளுக்கு எட்டு வயதில் வைத்தான். இருபத்தெட்டு ஆன பிறகும் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைக்காததால் யாரும் அதை மாற்றவில்லை. காலையில் எழுந்தவுடன் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு பேச வந்தால் அவளுக்கு ஆகாது. மத்தியானத்துக்கு மேல் வந்தாலும் ஆகாது. மரத்தோடு மட்டும்தான் சுமுகம்.

காணாமல் போனது காய்கறி வெட்டும் பலகை. கடையில் ஆணியில் தொங்குமே, மூன்று மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்து படகு மாதிரி ஆகிவிடுமே, அந்த வகை இல்லை. புளிய மரத்தைக் குறுக்கே துண்டு போட்டு, துண்டுகளின் வெட்டுமுகம் மேலே தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்து, ஒன்றோடு ஒன்று பசை போட்டுச் சேர்த்து, இழைத்து, எண்ணெய் குடிக்க வைத்த பலகை. நார்கள் எல்லாம் பிரஷ் மயிரைப் போல மேல்நோக்கி நிற்கும். கத்தி இறங்கினால் நார்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்துவிடும். கத்தியும் மழுங்காது, பலகையிலும் வடு நிற்காது. இதைச் சரியாகச் செய்ய அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. யாரும் சொல்லித்தரவில்லை. பதினோரு பலகைகளை உடைத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

பட்டறை அண்ணனுடையது. கதவு, அலமாரி, சமையலறைப் பெட்டி என்று முழுக்க ப்ளைவுட் வேலை. அதன் கடைசி மூலையில் பழைய சாமான் கிடந்த இடத்தை ஒழித்துத் தன் மேசையைப் போட்டிருந்தாள். அந்த மூலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ப்ளைவுட் மேல் மைக்காவை வைத்து அழுத்தி ஒட்டுகிற இயந்திரம் ஒன்றுக்கு அண்ணன் சொல்லி வைத்திருந்தான். ஒன்றாம் தேதி வந்து இறங்குகிறது.

“வீட்டுக்கு ஒரு பலகைனு நீ செஞ்சு குடுத்துட்டு இருந்தா அதுக்குப் பேரு பொழுதுபோக்கு. பெரிய வேலையா ஒன்னு பிடி, மூலை உனக்கு. இல்லேன்னா மேசைய வீட்டுக்குப் பின்னாடி போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்குப் பின்னால் கூரை கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மட்டும் உண்டு. ரம்பத்தின் வயரைத் தண்ணீர்த் தொட்டியிலா செருகுவது?

அவள் நல்ல நேரம், பெரிய வேலை ஒன்று தேடி வந்தது. மெயின் ரோட்டில் இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல் ஒன்று புதிதாக அடுக்களை கட்டியிருந்தது. அதன் தலைமைச் சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டரின் மனைவி போன வருஷம் முசுடிடம் ஒரு பலகை வாங்கியிருந்தாள். அதில் ஒரு நாள் வெங்காயம் நறுக்கிப் பார்த்தவர், ஓட்டலுக்குப் பன்னிரண்டு வேண்டும், மாதிரிக்கு ஒன்றைக் கொண்டு வந்து மேனேஜரிடம் காட்டு என்று சொல்லி அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் ஒரே அளவில் இரண்டு செய்தாள். இன்றைக்குப் பதினோரு மணிக்குக் காட்ட வேண்டும். இப்போது மணி ஒன்பதரை.

“அண்ணி! பலகை எங்க?”

அண்ணி வீட்டு வாசலில் நின்றபடியே ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு பதில் சொன்னாள். “உங்கண்ணன் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாரு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நேத்து சாயங்காலம் பூரா அதோடயே உக்காந்திருந்தாரு. சுத்தி தேக்குல சட்டம் போட்டு, ரெண்டு பக்கமும் பித்தளைப் பிடி வச்சு... எங்க கட்டிலுக்குக் கூட அவரு அவ்வளவு மெனக்கெடல.”

“சட்டமா? பசை போட்டா?”

“பசை போடாம எச்சிலா தொட்டு ஒட்டுவாங்க?”

முசுடு சாக்கைத் தேடி எடுத்தாள்.

மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் பருக்கும், காய்ந்தால் இளைக்கும். அதிலும் குறுக்கே அறுத்து நிமிர்த்தி ஒட்டிய பலகை நாலு பக்கமும் பருக்கும். அதைச் சுற்றி இறுக்கமாகச் சட்டம் அடித்துப் பசையும் போட்டுவிட்டால் அதற்கு நகர இடம் இருக்காது. ஒன்று சட்டத்தைப் பிளக்கும், இல்லாவிட்டால் தானே பிளக்கும். அவள் உடைத்த பதினொன்றில் நான்கு இப்படித்தான் போயின. ப்ளைவுட் பருக்காது, இளைக்காது, வைத்தது வைத்தபடி கிடக்கும். பத்து வருஷம் அதோடு குடித்தனம் நடத்திய அண்ணனுக்கு மரம் என்றால் என்னவென்று மறந்து போயிருந்தது.

மீதி இருந்த பலகையைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏறினாள். எட்டுக் கிலோ பலகை மடியில். ஒவ்வொரு குழியிலும் அது அவள் தொடையைப் பதம் பார்த்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “என்னக்கா, கல்லா?” என்றார்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

ஓட்டல் அடுக்களையில் பத்து அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் நீளமான எஃகு மேசை. அதன் மேல், விளக்கு வெளிச்சத்தில், அவளுடைய பலகை புதுப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குத் தேக்குச் சட்டம். மூலைகள் நாலும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தன. பித்தளைப் பிடிகள் மின்னின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிச் சிரித்தபடி நின்றான். மேனேஜர் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குப் பெரிய மீசை, சின்னக் குரல். மாஸ்டர் ஓரமாக நின்று கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார் என்றும், அதில் ஏழு வசவு என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

“வாம்மா வா. உன் அண்ணன் கொண்டாந்துட்டாரு. இதுதாம்மா பலகை! வர்ற ஆளுங்க கண்ணாடி வழியா அடுக்களையப் பாப்பாங்க இல்ல, எடுப்பா இருக்கணும். பன்னெண்டும் இதே மாதிரி செஞ்சிரு. இந்தா, எழுதியே வச்சுட்டேன்.”

தாளை நீட்டினார். அதில் ‘பன்னிரண்டு, சட்டத்துடன்’ என்று எழுதியிருந்தது. அவள் தலையை ஆட்டினால் போதும். மூலை அவளுக்கு. அண்ணன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்து, தலையை ஆட்டு என்று ஜாடை காட்டினான்.

“சட்டம் போட முடியாது சார்.”

“என்னது?”

“சட்டம் போட்டா உடையும். இதுவும் உடையும். என் பலகை இதுதான்.” சாக்கைப் பிரித்து இரண்டாவது பலகையை எடுத்து மேசையில் வைத்தாள். சட்டமில்லை, பித்தளையில்லை. கரும்பழுப்பில், கட்டம் கட்டமாக, மொழுமொழுவென்று கிடந்தது.

மேனேஜர் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். “ஏம்மா, அது பலகை. இது கட்டை.”

“வெட்டுறதுக்குக் கட்டைதான் சார் வேணும்.”

அண்ணன் இடையில் புகுந்தான். “சார், அவ அப்படித்தான். வேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம்... நான் சட்டம் போட்டுத் தர்றேன் சார். நான் பொறுப்பு.”

“நீ எதுக்குப் பொறுப்பு?” என்று அவள் திரும்பினாள். “ஒரு மாசத்துல பன்னெண்டும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். அப்ப யார் பேரு கெடும்? உன் பேரா?”

“ஏய், ஆளுங்க முன்னாடி...”

“ஆளுங்க முன்னாடிதான் சொல்லணும்.”

அடுப்படியில் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேனேஜர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். அப்போது மாஸ்டர் கத்தியைத் துடைப்பதை நிறுத்தினார்.

“ரெண்டும் கெடக்கட்டும். ஏழு நாள்” என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த அடுக்களையில் அதற்கு மேல் பேச யாரும் இல்லை. இரண்டு பலகையிலும் ஒரே மாதிரி வெட்டுவது, ஒரே மாதிரி கழுவுவது. முப்பதாம் தேதி காலையில் பார்த்து முடிவு. முப்பதுக்கு மறுநாள் ஒன்றாம் தேதி. இயந்திரம் வருகிற நாள்.

வெளியே வந்ததும் அண்ணன் சலவைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் கையை வீசிக் கத்தினான். “வாசல் வரைக்கும் வந்த வேலைய எத்தித் தள்ளுறியே, நீ மனுஷிதானா? நாலு மணி நேரம்டி! எனக்குன்னு கூட அப்படி உக்காந்து செஞ்சதில்ல.”

“நான் கேட்டேனா?”

“கேட்டாத்தான் செய்யணுமா? கூடப் பொறந்தவ மூலைய இழந்துட்டு நிக்கக் கூடாதேன்னு...”

“அந்த மூலைய எடுக்குறது யாரு? நீதானே?”

சண்டையில் தோற்கும்போது எப்போதும் செய்வதை அவன் செய்தான். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எட்டுக் கிலோ சுமை குறைந்தது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அவள் ஆட்டோவுக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பலகையை யார் பார்க்கிறார்கள், யார் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் சரி. யார் கழுவுகிறார்கள்?

பின்பக்கம் மூன்று தொட்டிகள். ஒன்றில் வெந்நீர் ஆவி பறந்தது. ரப்பர் பூட்ஸும் முழங்கை வரை கையுறையுமாக ஒரு அம்மாள் அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவுகிற அக்கா என்று அங்கே அவளுக்குப் பெயர்.

“அக்கா, அந்த ரெண்டு பலகையும் நீங்கதான கழுவுவீங்க?”

அக்கா அண்டாவிலிருந்து வெளியே வந்தாள். “வேற யாரு, மேனேஜரா? நீதான் அந்தப் பலகைக்காரப் பொண்ணா? உள்ள சத்தம் போட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு.” கையுறையை உருவி நெற்றியைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சட்டம் போட்டது உடையணும். அவ்வளவுதான? அதை மட்டும் ஒரு நாள் வெந்நீர்த் தொட்டிலயே போட்டு மறந்துடறேன். யாருக்குத் தெரியப் போகுது?”

முசுடின் கண் முன்னால் ஒன்றாம் தேதி வந்து நின்றது. தலையை ஆட்டினால் போதும் என்று இன்று அவளிடம் கேட்கிற இரண்டாவது ஆள்.

“வேணாம்க்கா. ரெண்டையும் ஒரே மாதிரி கழுவுங்க. இதுக்கு எவ்வளவு வெந்நீரோ அதுக்கும் அவ்வளவு.”

“பொழைக்கத் தெரியாத பொண்ணு.”

“பலகைக்குத் தெரியும்க்கா.”

அக்கா சிரித்த சிரிப்பில் அண்டா அதிர்ந்தது.

ஐந்து நாள் முசுடு வேறு மரத்தை இழைத்தாள், அறுத்தாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அண்ணன் பட்டறையின் அந்தக் கோடியில், அவள் இந்தக் கோடியில். நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. சுத்தியல் வேண்டுமென்றால் கூட அண்ணி மூலமாகத்தான் கேட்டார்கள். அண்ணி மூன்றாம் நாள், “ரெண்டு பேருக்கும் ஒரு தபால்காரன வச்சுக்கோங்க, எனக்கு உலை கொதிக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் பிற்பகல் ஓட்டலில் இருந்து போன் வந்தது. மேனேஜர். “உன் கட்டைய வந்து பாரு” என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது.

போய்ப் பார்த்தாள். அவளுடைய பலகை எஃகு மேசையின் மேல் கிடந்தது. மேனேஜர் ஒரு மூலையில் விரலால் அழுத்தினார். டக். எதிர் மூலையில் அழுத்தினார். டக். “ஆடுது பாத்தியா? வெட்டுறவன் விரல் போயிடும். அதைப் பாரு.” பக்கத்தில் சட்டம் போட்டது அசையாமல், மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “சட்டம் பிடிச்சு நிறுத்தியிருக்கு. உங்கண்ணன் விஷயம் தெரிஞ்ச ஆளு. அவருக்கும் சொல்லிட்டேன், நாளைக்கு வந்து ஆர்டர வாங்கிட்டுப் போகட்டும்.”

காது இரண்டும் சூடாகிவிட்டது அவளுக்கு. குனிந்து பலகையின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மேல்பக்கம் காய்ந்து கிடந்தது. புரிந்துவிட்டது. கழுவிய பலகையை யாரோ ஈரக் கல்லின் மேல் படுக்கப் போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்துப் பருத்து, பலகை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

கதவோரத்தில் கழுவுகிற அக்கா நின்றாள். கையுறைகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது யார் போட்டது என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அந்தப் பக்கம் போய்விடும். பலகை தப்பில்லை சார், போட்ட ஆள்தான் தப்பு. மேனேஜர் அந்த ஆளுக்கு என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தப்பு யாருடையது? நிறுத்தி வை, படுக்கப் போடாதே என்று அந்த அக்காவிடம் யார் சொன்னது? ஒரே மாதிரி கழுவு என்று மட்டும்தான் இவள் சொன்னாள். எப்படிக் காய வைப்பது என்று சொல்லவில்லை. ஏழு நாள் சோதனைக்கு வந்தவள் அதைச் சொல்ல மறந்தாள். இது அவளுடைய மடத்தனம்.

“நான் ஒன்னு சொல்ல மறந்துட்டேன் சார், என் தப்பு. கழுவுனதும் நிறுத்தி வைக்கணும். இப்ப ஈரப் பக்கத்த மேல போட்டுத் திருப்பி வைக்கிறேன். நாளைக்குக் காலைல பாருங்க. ஆடாது.”

“ஆடினா?”

“எடுத்துட்டுப் போயிடறேன்.”

“நாளைக்கு எதுக்கும்மா, இப்பவே...”

“நான் சொன்னது ஏழு” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மாஸ்டர் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

அவள் பலகையைப் புரட்டி, காற்று வருகிற சன்னலுக்குக் கீழே, காய்ந்த மேசையில் வைத்தாள். வெளியே வரும்போது அக்கா அவள் கையைப் பிடித்தாள். கையுறையின் ஈரம் முசுடின் மணிக்கட்டில் ஒட்டியது.

பட்டறைக்குத் திரும்பிய அவள் உளிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். நாளைக்கு மேசையை எடுக்க வேண்டி வந்தால் தன் சாமானை இன்னொருவர் தொடக் கூடாது.

அண்ணி வந்து பார்த்தாள். “நிமிருமா?”

“நிமிரும்.”

“சத்தியமா?”

“இதுக்கு முன்னாடி அஞ்சு பலகை இப்படி வளைஞ்சிருக்கு. மூனு நிமிர்ந்துச்சு.”

“மத்த ரெண்டு?”

முசுடு அடுத்த உளியை எடுத்துத் துடைத்தாள். அண்ணி குனிந்து, பெட்டியில் இருந்த உளி ஒன்றை எடுத்து மறுபடி மேசை மேலேயே வைத்தாள். “இத நாளைக்கு அடுக்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பதாம் தேதி காலை. அண்ணன் அதே சலவைச் சட்டையில் முன்பே வந்து நின்றான். மேனேஜர் கையில் தாள். அடுக்களை ஆட்கள் வெங்காயம் உரிப்பது போல நடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். கழுவுகிற அக்கா வாளியை வைத்துவிட்டுப் பின்கதவில் நின்றாள்.

முசுடு சன்னலுக்குக் கீழே போனாள். பலகையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வந்து எஃகு மேசையில் வைத்தாள்.

மேனேஜர் ஒரு மூலையில் அழுத்தினார்.

சத்தம் இல்லை.

எதிர் மூலை. சத்தம் இல்லை. நான்கு மூலையும் அழுத்திவிட்டு, நம்பாமல், கையில் இருந்த ஆர்டர் தாளையே பலகைக்கு அடியில் செருகப் பார்த்தார். தாள் மடங்கியது, உள்ளே போகவில்லை. குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். மீசை மேசையில் பட்டது.

“அட” என்றார்.

“ஏழு நாள் வெட்டுன பலகை சார். வடு இருக்கா பாருங்க” என்றாள் முசுடு.

மேனேஜர் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆள் இல்லை. “சரிம்மா, நிமிர்ந்துடுச்சு. ஆனா ஆடுச்சா இல்லையா? இது ஒரு நாளாவது ஆடுச்சா?” என்று சட்டம் போட்டதைக் காட்டினார். அண்ணன் அதன் பக்கத்தில் போய், ஒரு கையை மூலையில் ஊன்றி நின்றான்.

மாஸ்டர் வந்தார். கனமான கத்தி ஒன்றைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் முசுடின் பலகையில் தட்டினார். டொக். கல்லில் தட்டிய மாதிரி. அடுத்து, சட்டம் போட்டதில் தட்டினார். சொத். ஈரத் தலையணையில் விழுந்த மாதிரி. இன்னொரு தடவை தட்டினார். சொத்.

அப்போதுதான் முசுடு அண்ணனின் கையைக் கவனித்தாள். சும்மா ஊன்றியிருக்கவில்லை. கட்டை விரல் சட்டத்தின் மூலை சேருகிற இடத்தில் அழுந்தியிருந்தது. நகம் வெளுத்திருந்தது. பிளவை அவன் முன்பே பார்த்துவிட்டான். அவன் சேர்த்த மூலை, மயிரிழை விடாமல் சேர்த்த மூலை, வாய் திறந்திருக்கிறது. அதைத்தான் மூடிக்கொண்டு நிற்கிறான்.

அவள் பேசியிருக்கலாம். ‘நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா’ என்பது ஏழு நாளாக நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அந்த நகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். அவள் அவனையே பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான்.

“நீ செஞ்ச முதல் கதவுல, நடுப்பலகைக்குப் பசை போட்டியாண்ணே?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

அவன் முகம் மாறியது. அந்தக் கதவு அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பலகையைப் பசையில்லாமல் சும்மா நுழைத்து, மழைக்குப் பருக்கவும் வெயிலுக்கு இளைக்கவும் இடம் விட்டுச் செய்த கதவு. ப்ளைவுட்டுக்கு முந்திய காலம்.

அண்ணன் கட்டை விரலை எடுத்தான்.

“சார், பொளந்திருக்கு” என்றான். யாரும் கேட்காமல், தானே பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். “இந்த மூலை. இந்தா, இந்த மூலையும். ரெண்டும் வாயத் திறந்துடுச்சு. என் தப்பு சார். அவ அன்னிக்கே சொன்னா.”

மாஸ்டர் அதை வாங்கி இரண்டு கையாலும் ஒரு முறுக்கு முறுக்கினார். படீர் என்று சட்டத்தின் ஒரு பக்கம் கழன்று பித்தளைப் பிடியோடு தரையில் விழுந்தது. பிளவுக்குள் ஒரு வாரத்து வெங்காயச் சாறும் அழுக்கும் கறுப்பாகத் தேங்கியிருந்தன. அடித்த வாடையில் மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“இது எப்பருந்து இப்படி?”

“மூனு நாளா நாறுது சார்” என்று பின்கதவிலிருந்து அக்கா சொன்னாள். “கழுவக் கழுவ உள்ள போயி உக்காந்துக்குது. யாரு என்னைக் கேட்டா?”

அடுக்களையில் முதலில் சிரித்தது மாஸ்டர். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை, அதனால் மற்றவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிறகு சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் சிவந்து, கனைத்து, தாளை மேசையில் விரித்தார். ‘சட்டத்துடன்’ என்று எழுதியிருந்ததை இரண்டு கோடு போட்டு அடித்தார்.

“பன்னெண்டு. கட்டையாவே குடு. போதுமா?”

“போதாது சார்.”

“இன்னும் என்னம்மா?”

“கழுவுற அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. தினம் தூக்குறது அவங்கதான்.”

மேனேஜர் பின்கதவைப் பார்த்தார். அந்தக் கதவில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் மாதிரி பார்த்தார். “சொல்லு, உனக்கு என்ன வேணும்?”

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தாள். பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. “தூக்குறப்ப ஈரக் கையில வழுக்குது. ரெண்டு பக்கமும் அடில விரல் போற மாதிரி பள்ளம் வேணும். அப்புறம், நிறுத்தி வைக்கணும்னு சொல்லுது இந்தப் பொண்ணு. எங்க நிறுத்துறது, என் தலைலயா? பன்னெண்டும் நிக்கிற மாதிரி ஒரு தாங்கி வேணும். மரத்துல.”

“தாங்கியும் எழுதுங்க சார்” என்றாள் முசுடு.

மேனேஜர் எழுதினார். மாஸ்டர் முசுடின் பலகையை எடுத்துத் தன் இடத்தில் போட்டு, பூசணிக்காய் ஒன்றை வைத்து ஒரே போடாகப் பிளந்தார். “இனிமே இது இங்கதான்” என்றார். அன்றைய கணக்கில் அவருக்கு வசவுக்கு மட்டும்தான் வார்த்தை மிச்சம்.

திரும்பும்போது அண்ணன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் அவன் காற்றுச் சத்தத்துக்கு மேல் கத்தினான். “மூலை உனக்குத்தான். மெஷின வேற எங்கயாவது வச்சுக்கறேன்.”

“உன் மூலைப் பொருத்து நல்லாத்தான் இருந்துச்சு. பசை போட்டதுதான் தப்பு” என்று அவளும் கத்தினாள். முசுடு வாயிலிருந்து அவ்வளவு நல்ல வார்த்தை வந்து அவன் கேட்டதில்லை. வண்டி ஒரு நெளி நெளிந்தது.

பட்டறைக்குள் போனதும் அவள் தன் மூலைக்குப் போகவில்லை. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்த இடத்துக்குக் கீழே, அண்ணன் ப்ளைவுட் அடுக்கி வைத்திருந்த இடத்தில் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

“என்ன பண்றே?”

“உன் மெஷின் மூலைல வரட்டும். என் மேசை இங்க.”

“இங்கயா? நட்ட நடுவுலயா?”

“பன்னெண்டு பலகை, ஒரு தாங்கி. மூலைல வச்சா செய்யச் சொல்றே? உனக்கும்தான் வேலை இருக்கு. தாங்கி நீ செய்யப் போற.”

“நானா?”

“காடி வெட்டத் தெரியும்ல? அங்க பசை போட வேணாம்.”

அண்ணி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் அவளை முறைத்தான், கோட்டை முறைத்தான், தங்கையை முறைத்தான். பிறகு சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ப்ளைவுட் அடுக்கின் ஒரு முனையைப் பிடித்தான்.

“நிக்கிறியே, அந்தப் பக்கம் பிடிடீ.”

அவள் பிடித்தாள். பதினாறு ப்ளைவுட் பலகைகளை நகர்த்தினார்கள். அப்புறம் மேசை. அது சாதாரண கனம் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் இறக்கி வைத்து, திட்டிக்கொண்டு, மறுபடி தூக்கினார்கள். நடுவழியில் அண்ணன் கால் கட்டைவிரலில் மேசைக் கால் இறங்கியது. அவன் போட்ட கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன நடக்குது இங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“இடம் மாத்துறோம்” என்றாள் முசுடு. “வேலை பெருசு.”